உங்களுக்குத் தெரியுமா? பதக்கப் பட்டியலில் இல்லாத ஊர்கள்

1951 மார்ச்சில் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு 11 நாடுகளிலிருந்து 489 பேர் வந்தார்கள். இந்தியா 51 பதக்கம் வாங்கியது. 2023இல் சீனாவின் ஹாங்சோவில் வாங்கியது 107: தங்கம் 28, வெள்ளி 38, வெண்கலம் 41. பட்டியலில் இதெல்லாம் 'இந்தியா' என்ற ஒற்றை வரி. அந்த வரிக்குள் எத்தனை ஊர் அடங்கிக் கிடக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் சுவாரசியமாக இருக்கும். இலஞ்சி, தென்காசி, குற்றாலம் வாசகர்களுக்காகத் திருநெல்வேலிச் சீமையில் தொடங்கிக் கடல் தாண்டியும் போய்வருவோம்.

மணத்தி

ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமம். இங்கே கபடி ஆடி வளர்ந்த பி. கணேசன் 1994இல் ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் இருந்தார். 'மணத்தி கணேசன்' என்று ஊரைப் பெயரோடு சேர்த்துச் சொன்னால்தான் கபடி ரசிகர்களுக்குத் தெரியும். அடுத்து அர்ஜுனா விருதும் வந்தது. 2025 தீபாவளிக்கு வந்த மாரி செல்வராஜின் 'பைசன்' படத்துக்குத் தூண்டுதல் இவர் வாழ்க்கைதான்.

ஹிரோஷிமாவுக்கு இன்னொரு சிறப்பு: தலைநகராக இல்லாத ஒரு நகரம் ஆசிய விளையாட்டை நடத்தியது அதுவே முதல் தடவை.

மேடை ஏறிய சடுகுடு

1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போதே மகாராஷ்டிராவின் அமராவதியிலிருந்து போன குழு ஒன்று அங்கே கபடி ஆடிக் காட்டியது. 1982 டெல்லி ஆசிய விளையாட்டிலும் காட்சி ஆட்டம்தான். பதக்கம் உண்டு என்றானது 1990 பெய்ஜிங்கில். அன்று தொடங்கி 2014 வரை ஏழு தடவையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்கே. 2018 ஜகார்த்தாவில் ஈரான் அந்தத் தொடரை அறுத்தது. ஆண்கள் வெண்கலத்தோடும் பெண்கள் வெள்ளியோடும் திரும்பினார்கள். ஹாங்சோவில் இரண்டு தங்கமும் திரும்பி வந்தன. பெண்கள் கபடி ஆசிய விளையாட்டில் சேர்ந்தது 2010இல்தான்.

காயாமொழி

திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக் குடும்பத்தைச் சேர்ந்த பா. சிவந்தி ஆதித்தன் 1987 முதல் 1996 வரை இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராக இருந்தார். ஆக, ஹிரோஷிமாவில் மணத்திக்காரர் தங்கம் வாங்கியபோது, இந்திய அணியை அனுப்பிவைத்த சங்கத்தின் தலைவரும் அதே சீமைக்காரர்தான். இந்திய வாலிபால் கூட்டமைப்புக்கும் அவர் தலைவராக இருந்திருக்கிறார்.

கோவில்பட்டி

தென்காசியிலிருந்து சங்கரன்கோவில், கழுகுமலை வழியாகப் போனால் வருவது தமிழ்நாட்டின் ஹாக்கி ஊர். கடலைமிட்டாய்க்கு நிகராக மட்டைக்கும் பேர்போனது. இவ்வூரின் மாரீஸ்வரன் சக்திவேல் 2022 ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்கு ஆடினார்.

ஹாக்கியில் இந்தியா ஏன் சறுக்கியது என்று கேட்டால் பழைய ரசிகர்கள் ஒரு வருடத்தைச் சொல்வார்கள்: 1976. மான்ட்ரீல் ஒலிம்பிக்கில்தான் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைப் புல்தரையில் நடந்தது. அதற்கு முந்தைய ஆண்டு உலகக் கோப்பையை வென்ற இந்தியா அங்கே ஏழாம் இடம். மண்ணிலும் புல்லிலும் ஆடிப் பழகியவர்களுக்குப் பந்தின் வேகமே புதிது. தரை மாறினால் ஆட்டமே மாறிவிடும் என்பதால், கோவில்பட்டி போன்ற ஊரில் செயற்கைப் புல்தரை இருப்பது அலங்காரத்துக்கு அல்ல.

சென்னை: ஒரு வீட்டுக்கு ஐந்து ஒலிம்பிக்

வி.ஜே. பீட்டர் ஹாக்கியில் 1960 ரோமில் வெள்ளி, 1964 டோக்கியோவில் தங்கம், 1968 மெக்சிகோவில் வெண்கலம். மூன்று நிறமும் ஒருவர் கையில். தம்பி வி.ஜே. பிலிப்ஸ் 1972 மூனிக்கில் வெண்கலம் வாங்கினார், 1976லும் ஆடினார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து தொடர்ச்சியாக ஐந்து ஒலிம்பிக். இருவரும் மெட்ராஸ்காரர்கள்.

இந்தியா ஒலிம்பிக் ஹாக்கியில் கடைசியாகத் தங்கம் வென்றது 1980 மாஸ்கோவில். இறுதிப் போட்டியில் ஸ்பெயினை 4-3 என்று வென்ற அந்த அணியின் கேப்டன் வாசுதேவன் பாஸ்கரன், நம் தமிழ்நாட்டுக்காரர்.

லால்குடி

ஓடி முடித்து இரண்டு வருடம் கழித்து வெள்ளி தங்கமாக மாறுமா? மாறியிருக்கிறது. 2018 ஜகார்த்தாவில் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியா இரண்டாவது. முகமது அனஸ், பூவம்மா, ஹிமா தாஸ் ஆகியோரோடு ஓடியவர் லால்குடி வட்டாரத்து ஆரோக்கிய ராஜீவ். முதலில் வந்த பஹ்ரைன் அணியில் ஒருவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கியதால், 2020இல் தங்கம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. மேடை, கொடி, தேசிய கீதம் எல்லாம் போனது போனதுதான். இன்றைக்கும் சோதனை மாதிரிகளைப் பல வருடம் பத்திரப்படுத்தி வைக்கிறார்கள், இப்படிப் பின்னால் கணக்குத் தீர்ப்பதற்காக.

கோவை

1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடினார். நூறில் ஒரு பங்கு விநாடியில் வெண்கலம் கைநழுவியது. அந்த 55.42 தேசியச் சாதனையை 39 வருடம் யாரும் தொடவில்லை. ஹாங்சோவில் தகுதிச் சுற்றில் அதே 55.42ஐ ஓடிச் சமன் செய்தவர் கோவை ஆட்டோ ஓட்டுநரின் மகள் வித்யா ராம்ராஜ். இறுதிப் போட்டியில் 55.68 விநாடி, வெண்கலம். தொடர் ஓட்டங்களில் இரண்டு வெள்ளியும் உண்டு.

வித்யாவின் இரட்டைச் சகோதரி நித்யாவும் அதே ஹாங்சோவில் 100 மீட்டர் தடை ஓட்டத்தில் ஓடினார்.

கத்தக்குறிச்சி

புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். சில நாளில் பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டிப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர் ஊக்கமருந்து எடுக்கவில்லை, யாரையும் ஏமாற்றவும் இல்லை. பிறப்பிலேயே அமைந்த உடற்கூறு அது. பதக்கம் போன பிறகும் அன்றைய முதல்வர் கருணாநிதி 15 லட்ச ரூபாய் பரிசும் ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் கொடுத்தார். பிற்பாடு சாந்தி பயிற்சியாளரானார்.

பின்னாளில் ஒடிசாவின் ஓட்டக்காரர் தூத்தி சந்த் இதே மாதிரியான விதியை எதிர்த்து விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனார். 2015இல் விதி நிறுத்தி வைக்கப்பட்டது; அவர் மறுபடி ஓடினார். வழக்காட ஆள் இருந்ததா இல்லையா என்பதில்தான் இருவர் கதைக்கும் வித்தியாசம்.

பெரியவடகம்பட்டி

சேலம் மாவட்டத்தில் இருக்கிறது. ஐந்து வயதில் பேருந்து மோதி வலது கால் நசுங்கிய மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். ஆறடி இரண்டு அங்குலத்துக்கும் மேல். 2020 டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் இவர்தான்.

டோக்கியோவில் தொடக்க விழாவுக்கு இந்தியக் கொடியை ஏந்த இவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். விமானத்தில் வந்த ஒருவருக்குக் கொரோனா என்று தெரிந்ததும் இவரைத் தனிமைப்படுத்திவிட்டார்கள். கொடி வேறொருவர் கைக்குப் போனது. சில நாள் கழித்துக் களத்தில் இறங்கிப் பதக்கத்தோடு வந்தார்.

காஞ்சிபுரம், திருவள்ளூர், ஓசூர்

பாரிஸ் பாராலிம்பிக் பேட்மிண்டனில் எஸ்.யு.5 பிரிவின் அரையிறுதி ஒன்றில் வலைக்கு இரு பக்கமும் தமிழ்நாடு. காஞ்சிபுரம் துளசிமதி முருகேசன் ஒருபுறம், திருவள்ளூர் மணிஷா ராமதாஸ் மறுபுறம். வென்ற துளசிமதிக்கு இறுதியில் வெள்ளி. தோற்ற மணிஷா வெண்கலத்துக்கான ஆட்டத்தில் வென்றார். எஸ்.ஹெச்.6 பிரிவில் ஓசூர் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். துளசிமதி கால்நடை மருத்துவம் படித்த மாணவி.

இந்த எழுத்தும் எண்ணும் எதற்கு? எஸ்.யு.5 என்றால் கை அல்லது தோள்பட்டையில் குறைபாடு. எஸ்.ஹெச்.6 உயரம் குறைந்தவர்களுக்கு. எஸ்.எல்.3, எஸ்.எல்.4 காலில் குறைபாடு உள்ளவர்களுக்கு. டபிள்யு.ஹெச் என்று தொடங்கினால் சக்கர நாற்காலி. தடகளத்தில் 'டி' என்றால் ஓட்டமும் தாண்டுதலும், 'எஃப்' என்றால் எறிதல். எண் குறைபாட்டின் வகையையும் அளவையும் சொல்லும். மருத்துவர்களும் வல்லுநர்களும் சோதித்துப் பார்த்த பிறகே எந்தப் பிரிவு என்று முடிவாகும்.

பாரிஸில் இந்தியா வாங்கிய 29 பதக்கங்களில் மாரியப்பனுடையதையும் சேர்த்து நான்கு தமிழ்நாட்டுக்காரர்களுடையவை. வெள்ளிக்கு 2 கோடி, வெண்கலத்துக்குத் தலா 1 கோடி என்று மாநில அரசு 5 கோடி ரூபாய் கொடுத்தது.

மதுரை

காது கேளாதோருக்கென்று தனி உலகப் போட்டி 1924 முதலே இருக்கிறது, பாராலிம்பிக்குக்கும் மூத்தது. இப்போது அதன் பெயர் டெஃப்லிம்பிக்ஸ். நன்றாகக் கேட்கும் காதிலும் குறைந்தது 55 டெசிபல் இழப்பு இருந்தால்தான் சேரலாம். களத்தில் காதுக்கருவி போடக்கூடாது. ஓட்டம் தொடங்கத் துப்பாக்கிச் சத்தம் கிடையாது, விளக்கு எரியும். 2022 மே மாதம் பிரேசிலில் நடந்த போட்டியில் மதுரை ஜெர்லின் அனிகா பேட்மிண்டனில் மூன்று தங்கம் வாங்கினார். அதே ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் அவருக்குக் கிடைத்தது.

பாடி

சென்னையின் பாடியில் ஒரே வீட்டுக்கு ஹாங்சோவிலிருந்து இரண்டு வெள்ளி வந்தன. ஆண்கள் சதுரங்க அணியில் தம்பி பிரக்ஞானந்தா, பெண்கள் அணியில் அக்கா வைஷாலி. ஆசிய விளையாட்டில் சதுரங்கம் நிரந்தரமாக இருப்பதில்லை. 2006, 2010, பிறகு ஹாங்சோ. நடுவே இரண்டு போட்டிகளில் காணோம்.

மீண்டும் சென்னை

சரத் கமல் 2006 மெல்போர்ன் காமன்வெல்த் விளையாட்டில் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் தங்கம் வாங்கினார். அதே தங்கத்தை மறுபடி வாங்கியது 2022 பர்மிங்காமில், நாற்பது வயதில். நடுவில் பதினாறு வருடம். பர்மிங்காமில் அணிப் போட்டியும் கலப்பு இரட்டையரும் சேர்த்து மொத்தம் மூன்று தங்கம். ஒலிம்பிக் ஐந்து. பாரிஸ் தொடக்க விழாவில் பி.வி. சிந்துவோடு சேர்ந்து கொடியை ஏந்தினார், மைதானத்தில் நடந்து அல்ல, சேன் நதியில் படகில்.

யாழ்ப்பாணம்

இலங்கைக்கு ஆசிய விளையாட்டில் முதல் தங்கம் வாங்கித் தந்தவர் யாழ்ப்பாணத்துத் தமிழர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1958 டோக்கியோ, உயரம் தாண்டுதல், 2.03 மீட்டர். அதற்கு முன்பே 1952 ஹெல்சிங்கி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்குகளில் தாண்டியவர். முதுகை வளைத்துப் பின்பக்கமாகத் தாண்டும் முறையை டிக் ஃபாஸ்பரி உலகுக்குக் காட்டியது 1968இல்தான். எதிர்வீரசிங்கம் காலத்தில் தடித்த மெத்தையும் கிடையாது. மணலிலோ மரத்தூளிலோதான் விழவேண்டும்.

மலேசியா, சிங்கப்பூர்

1965 ஆகஸ்டில் சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. அடுத்த ஆண்டே பாங்காக் ஆசிய விளையாட்டு. 100 மீட்டர் இறுதியில் மலேசியாவின் ஜெகதீசனுக்குத் தங்கம், சிங்கப்பூரின் குணாளனுக்கு வெள்ளி. இருவருக்கும் பதிவான நேரம் 10.5 விநாடி. முந்தின வருடம் வரை ஒரே நாட்டுக்காரர்கள்! ஜெகதீசன் அங்கே 200 மீட்டரிலும் தொடர் ஓட்டத்திலும் சேர்த்து மூன்று தங்கம் வாங்கினார். மருத்துவரானதால் 'பறக்கும் டாக்டர்' என்று பெயர்.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இருவரும் ஓடினார்கள். ஜெகதீசன் 200 மீட்டரில் ஓடிய 20.92 மலேசியச் சாதனையாக 2017 வரை நின்றது. குணாளன் 100 மீட்டரில் ஓடிய 10.38 சிங்கப்பூர்ச் சாதனையாக 2001 வரை நின்றது. மெக்சிகோ நகரம் கடல்மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கும் மேலே இருப்பதால் அங்கே காற்று அடர்த்தி குறைவு. குறுந்தூர ஓட்டக்காரர்களுக்கு அது சாதகம்தான். ஆனாலும் 49 வருடமும் 33 வருடமும் நின்றதற்குக் காற்றை மட்டும் காரணம் சொல்ல முடியாது.

சுங்கை பட்டாணி

மலேசியாவின் கெடா மாநிலத்து ஊர். ஹாங்சோவில் பெண்கள் ஸ்குவாஷ் ஒற்றையர் தங்கமும் அணித் தங்கமும் வென்ற சிவசங்கரி சுப்ரமணியம் இவ்வூர்ப் பெண். அதே ஹாங்சோவில் ஸ்குவாஷ் கலப்பு இரட்டையர் தங்கம் சென்னையின் தீபிகா பள்ளிக்கலுக்கும் ஹரிந்தர் பால் சந்துவுக்கும். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தீபிகாவும் ஜோஷ்னா சின்னப்பாவும் வாங்கிய இரட்டையர் தங்கம்தான், காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவின் முதல் தங்கம். இத்தனை வருடம் ஒலிம்பிக்கில் இடமில்லாத ஸ்குவாஷ் 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் நுழைகிறது.

வடுவூர், கண்ணகி நகர்

2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியக் கபடி அணிகள் இரண்டும் தங்கம் வென்றன. பெண்கள் அணியின் துணைக் கேப்டன் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷ். ஒன்று நகரத்தின் ஓரத்தில் மறுகுடியேற்றத்துக்கென எழுந்த குடியிருப்பு, மற்றது வயல் சூழ்ந்த கிராமம். இரண்டிலும் கபடிக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் காலி இடம், கண்டிப்பான ஒரு பயிற்சியாளர்.

இலஞ்சி: வீட்டில் பிள்ளைகள் இருந்தால்

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. 7, 8, 9, 11ஆம் வகுப்புகளில் சேர்க்கை. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அங்கேயே, பள்ளிக்கூடம் பக்கத்தில். மாவட்ட அளவில் தேர்வு நடத்தி ஆள் எடுப்பார்கள். அறிவிப்பு கோடை விடுமுறையை ஒட்டி வரும் என்பதால், அந்த நேரத்தில் பள்ளி உடற்கல்வி ஆசிரியரிடமோ மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலோ ஒரு வார்த்தை கேட்டு வைப்பது நல்லது. விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில் 3 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. 'விளையாடி என்ன ஆகப்போகுது?' என்று கேட்கும் தாத்தா பாட்டிக்குச் சொல்லலாம்.

இலஞ்சியில் மணி என்ன?

வெளிநாட்டுப் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களுக்கு ஒரு கணக்கு.

2026 காமன்வெல்த் விளையாட்டு கிளாஸ்கோவில், ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 2 வரை. அங்கே இரவு 8 என்றால் இங்கே நள்ளிரவு 12.30. இந்தத் தடவை வெறும் பத்து விளையாட்டுதான். டேபிள் டென்னிஸ், ஸ்குவாஷ், ஹாக்கி, பேட்மிண்டன், மல்யுத்தம், துப்பாக்கி சுடுதல் ஒன்றும் இல்லை. டேபிள் டென்னிஸ், ஸ்குவாஷ் என்று தமிழ்நாடு வழக்கமாகப் பதக்கம் பார்க்கும் இரண்டு கதவும் அடைபட்டுவிட்டன. 2030 போட்டி அகமதாபாத்தில் என்பது ஆறுதல்.

2026 ஆசிய விளையாட்டு ஜப்பானின் ஐச்சி-நகோயாவில், செப்டம்பர் 19 முதல் அக்டோபர் 4 வரை. அங்கே மாலை 6 மணி இங்கே பிற்பகல் 2.30. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும்.

2028 ஒலிம்பிக் லாஸ் ஏஞ்சல்ஸில், ஜூலை 14 முதல் 30 வரை. ஆனி முடிந்து ஆடி பிறக்கும் வேளை, குற்றாலத்தில் சாரல் உச்சத்தில் இருக்கும் சீசன். அங்கே மாலை 6 மணிக்கு இறுதிப் போட்டி என்றால் இங்கே மறுநாள் காலை 6.30. எழுந்திருக்க அலாரம் வைக்க வேண்டியதில்லை. ஐந்தருவிக்கு வண்டி கட்டிப் போகிறவர்கள் அடிக்கும் ஹாரனே போதும்.